பெட்டி பார்க்கும் படலம்

கிரீஸின் பெட்டியைத் திறந்து பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்துவிட்டது.

உள்ளே ஸ்பேனர்கள் பளபளவென்று, சிறுசு முதல் பெருசு வரை வரிசையாகப் படுத்திருந்தன. ஸ்க்ரூ டிரைவர்கள் ஒரு பக்கம், குறடுகள் ஒரு பக்கம். அடியில் மடித்த துணி வேறு.

ஷெட்டில் எல்லோரும் அவனைக் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவோம். காரணம் சொல்லத் தேவையில்லை. நான் அதே ஷெட்டில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அவன் ஒரு சாமானை நீட்டினால் இரண்டு விரலால்தான் வாங்குவேன்.

வேலையில் சூரன். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் வேலை முடிந்ததா, எல்லாவற்றையும் அப்படியே பெட்டிக்குள் வீசிவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு போய்விடுவான்.

அப்பேர்ப்பட்டவனுடைய பெட்டி இப்படி மின்னுகிறது என்றால் அதற்குக் காரணம் காதலைத் தவிர வேறென்ன?

இன்று அவன் காதலிக்கும் பெண்ணின் அம்மா வருகிறார். லாரி மெக்கானிக். பெண்ணும் அம்மாவோடு அவர்கள் ஷெட்டிலேயே வேலை பார்க்கிறாள். "பையன் மூஞ்சியை நீ பாத்துட்ட, போதும். நான் அவன் பெட்டியைப் பாக்கணும். அப்புறம் சொல்றேன், சரியா வருமா வராதான்னு" என்று மகளிடம் சொல்லிவிட்டாராம்.

அம்மா வேண்டாம் என்றால் அந்தப் பெண் மீறமாட்டாள். அது கிரீஸுக்கும் தெரியும்.

"நீயாடா இது? பரவாயில்லயே, திருந்திட்ட!" என்று முதுகில் ஒன்று போட்டேன். ஈ என்று இளித்தான்.

அம்மா வந்தார். பின்னாலேயே பெண். உட்காருங்கள் என்று நான் சொன்னது காற்றோடு போயிற்று. அவர் நேராகப் பெட்டியிடம் போனார்.

"வாங்க அத்தை" என்றான் கிரீஸ்.

அடப்பாவி, அதற்குள் அத்தையா என்று எனக்குப் பகீரென்றது. அவர் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

"தொறங்க தம்பி."

திறந்தான்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். குறட்டைப் பிளந்து பல்லுக்குப் பல் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரின் பிடியை நகத்தால் சுரண்டினார். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. நான் மனதுக்குள் கல்யாணப் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெண் மட்டும் ஏனோ கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுல தொடைச்சீங்க?"

"டீசல்லதான் அத்தை. எப்பவும் டீசல்தான்."

அந்த 'எப்பவும்' அவனுக்கு வேண்டாத வேலை.

அவர் ஒரு ஸ்பேனரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் அதை என்னிடம் நீட்டினார், என்னமோ நான்தான் சாட்சி என்பதுபோல. முகர்ந்தேன். டீசல் வாடை துளிக்கூட இல்லை.

"இது தையல் மிஷின் ஆயில்" என்றார் அம்மா. "என் வீட்டுல பாட்டில் மளமளன்னு குறையுது. நான் மிஷின்ல உக்காந்தே ரொம்ப நாளாச்சு."

பெண் கூரையை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

காரணம் காதல்தான், அதில் நான் தப்புச் சொல்லவில்லை. யாருடைய காதல் என்பதில்தான் கோட்டை விட்டுவிட்டேன்.

"இவ அப்பாவும் நல்ல மெக்கானிக்தான் தம்பி. அவரு பாத்த வேலையெல்லாம் நானும் பாத்தேன். அவரு கை கழுவிட்டுப் போயிடுவாரு. நான் உக்காந்து ரெண்டு பேரு சாமானையும் தொடைப்பேன். அவரு கண்ணை மூடுற வரைக்கும் இதான். இவளும் அப்படித்தான் இருக்கணுமா?"

குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா பெட்டியின் மேல்தட்டைச் சாமான்களோடு அலாக்காகத் தூக்கினார். கீழே பழைய ஆயில் நிரம்பிய டிரே கிடந்தது. அதில் கவிழ்த்தார்.

கடகடவென்று அத்தனையும் உள்ளே. நல்ல நாளாயிற்றே என்று போட்டு வந்த என் புதுச் சட்டையும் பாழ்.

"இப்பத் தொடைங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணின் கை தானாகவே வேஸ்ட் துணிக்குப் போனது. பழக்கம், பாவம். குனிந்து ஒரு ஸ்பேனரையும் எடுத்துவிட்டாள்.

அம்மா அவளைத் தடுக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கிரீஸை.

டேய் மடையா, வாங்குடா அதை என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் காரியமே கெட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கிரீஸ் ஒரு கணம் முழித்தான். அப்புறம் அவள் கையிலிருந்து ஸ்பேனரையும் துணியையும் வாங்கிக்கொண்டான்.

"நீ போய் உக்காரு."

அவள் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் தரையில் சம்மணம் போட்டுத் துடைக்க ஆரம்பித்தான்.

அதைத் துடைப்பது என்று சொன்னால் துடைக்கத் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அழுக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கொண்டுபோனான், திரும்பவும் கொண்டுவந்தான். நெற்றியில் கறுப்பு, மூக்கில் கறுப்பு. பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஆனாலும் எழுந்து வரவில்லை.

ஒருவழியாக முடித்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுளித்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"இடுக்குல இன்னும் அழுக்கு இருக்கு மாப்பிள்ளை" என்றார். "மறுபடி தொடைங்க."