ராசையா வீட்டுச் சிவப்பு உருண்டை

காசு போட்டால் சூயிங்கம் தரும் பழைய மிஷின்களைச் சேர்ப்பதில் நயினாருக்கும் ராசையாவுக்கும் தீராத போட்டி. நயினார் வீட்டில் நடக்க இடமில்லாமல் அவை நின்றன. ஆனால் எல்லாம் வெறும் கண்ணாடிக் குடங்கள். ராசையா புதிதாகக் கொண்டுவந்திருந்த மிஷினுக்குள்ளோ, அந்தக் காலத்தில் விற்காமல் தங்கிப்போன சிவப்புச் சூயிங்கம் உருண்டை ஒன்று அப்படியே கிடந்தது. அதைக் காட்டத்தான் நயினாரை வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தார்.

"ஊர்ல எவன்ட்டயும் இது கெடையாது வே. நல்லா கண்ணால பாத்துக்கிடும். காப்பி போடச் சொல்லிட்டு வாரேன்."

நயினாருக்கு வயிறு எரிந்தது. ஒரே கம்பெனி மிஷின்களுக்கெல்லாம் ஒரே சாவிதான். அது அவர் இடுப்புக் கொத்திலும் தொங்கியது. ஒருதரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான் மூடியைத் திறந்து எடுத்தார். செருப்புச் சத்தம் கேட்டது. மூடியை அடைத்துவிட்டார், உருண்டை வாய்க்குள் போயிருந்தது.

"என்ன வே, பேச்சக் காணும்? பொறாமையோ?"

இல்லையென்று நயினார் தலையை ஆட்டினார்.

காப்பியோடு வந்த ராசையாவின் மனைவி பாக்கியம் சிரித்துவிட்டாள். "என்ன அண்ணாச்சி, உதடெல்லாம் செவந்து கெடக்கு? வெத்தல போட ஆரம்பிச்சிட்டீயளா?"

ராசையா குடத்தைத் திரும்பிப் பார்த்தார். மண்ணைத் தின்ற பிள்ளையிடம் நீட்டுவதுபோல, நயினாரின் தாடைக்குக் கீழே உள்ளங்கையை விரித்தார்.

கல்லாய்க் கிடந்த உருண்டை அப்போதுதான் இளகிக்கொண்டிருந்தது. நயினார் அந்தக் கையைப் பார்த்தபடியே அதைச் சவைக்கத் தொடங்கினார்.