அசையாமல் நின்ற கொக்கு

மாதிரிப் படங்களைப் பார்த்து உருவம் வரையப் பழகிவந்த குரங்கொன்று, குளக்கரையில் அசையாமல் நின்ற கொக்கைக் கண்டதும் கரித்துண்டை எடுத்தது.

"அண்ணா, என் கால்..." என்றது கொக்கு.

"வாயைத் திறக்காதே, நிலை கெட்டுவிடும்! அணிலும் மைனாவும் ஒரு கணம் நிற்காத ஓடுகாலிகள், நீயல்லவோ உத்தமன்! மாதிரிப் படத்தில் உள்ளதுபோல் கழுத்தை இன்னும் கொஞ்சம் வளை."

கொக்கு வளைத்தது.

வரைந்து முடித்த குரங்கு பெருமிதத்துடன் தாளை நீட்டியது. "ஏதாவது விட்டிருக்கிறேனா, சொல்!"

"ஒன்றையும் விடவில்லை, அண்ணா. என் காலில் சிக்கி அறுக்கும் தூண்டில் நூலின் முடிச்சைக்கூட அப்படியே வரைந்திருக்கிறீர்கள்."

குரங்கு தாளைப் பார்த்தது. முடிச்சுதான் எல்லாவற்றிலும் அழகாக வந்திருந்தது.

கரி படிந்த விரல்களால் அதை அவிழ்க்கக் குனிந்த குரங்கு, அவிழ்த்த பின்னும் தலை நிமிரவில்லை.