விரிப்பின் மறுமுனை

சலவைக்கூடத்துக் கதவைத் திறப்பதற்கு முன்பே மெஷினின் முக்கல் சத்தம் கேட்டது. இஸ்திரிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிற ஒற்றை மெஷின் இன்னும் காலைத் துணியையே முடிக்கவில்லை.

எல்லாம் அந்த மனுஷனால் வந்தது. ஆஸ்பத்திரித் துணியை வெந்நீரில் துவைக்காமல் பச்சைத் தண்ணீரில் அலசி அனுப்புகிறார்கள் என்று மேலிடத்துக்குப் புகார் போட்டவர், சலவைக்கூடத்தில் துவைக்கிறவர். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் ‘தந்தி’. விசாரணை முடியும்வரை இருந்த இரண்டில் ஒரு மெஷினுக்குச் சீல். மற்றவர்களுக்குப் பொழுது சாய்ந்தும் வீடு கிடையாது.

தந்தியோடு யாரும் பேசுவதில்லை. கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவருக்கு மறுமுனை பிடிக்க ஆளில்லை. முகவாயில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மல்லுக்கட்டினார்.

இன்றைக்கு விசாரணை அதிகாரி வந்து மாடியில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் வெந்நீர்தான் என்று எல்லோரும் ஒரே பாட்டாகப் பாட வேண்டும், பாடினால் தந்திக்கு வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லி வைத்திருந்தார். மற்றவர்கள் பாடிவிட்டார்கள். பாக்கி இவள்தான்.

“அக்கா, உள்ளதைச் சொல்லிடுங்க,” என்றார் தந்தி.

“நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்து எத்தனை நாளாச்சு. இதுல உள்ளதை வேற சொல்லணுமா உங்களுக்கு?”

துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். அதிகாரி முன்னால் தங்குதடையில்லாமல் வந்தது.

“அந்த ஆள் சுத்தப் புளுகன் சார். இங்க எப்பவும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்தான்.”

அதிகாரி பேனாவை மூடினார். போகலாம் என்று தலையசைத்தார். அவள் பையை வாரிக்கொண்ட வேகத்தைப் பார்த்து, அப்படியென்ன அவசரம் என்று கேட்டார்.

“பிரசவ வார்டுல தங்கச்சி இருக்கா சார். நேத்துதான் குழந்தை பொறந்துது. வீட்டுலேர்ந்து பெட்ஷீட் கொண்டாந்திருக்கேன்.”

“ஏம்மா, இங்க பெட்ஷீட் தர மாட்டாங்களா?”

“தருவாங்க. அதைத் துவைக்கிறது நாங்கதானே சார். பச்சைப் பிள்ளையை எப்படி அதுல…”

தான் சொன்னது அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்தது.

அதிகாரி மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தார்.

கீழே மெஷின் இன்னும் முக்கிக்கொண்டிருந்தது. தந்தி முகவாயில் ஒரு விரிப்போடு நின்றிருந்தார். இறங்கி வந்தவள் நேரே அவரிடம் போனாள்.

தரையில் புரண்ட மறுமுனையை வெடுக்கென்று எடுத்தாள்.

“மூலையை ஒழுங்காப் பிடிங்க,” என்றாள்.