சுத்தமான ஈரல்

மீனின் வயிற்றைக் கீறி ஈரலை வெளியே எடுத்ததும் தௌனோவின் முகம் வாடிவிட்டது. வெண்ணெய் நிறத்தில் பளபளவென்று இருந்தது ஈரல். ஒரு புழுகூட இல்லை.

அந்த ஈரலை சூப்பில் போட்டுத் தின்பதற்காகவே உறைந்த ஏரியில் துளை போட்டு, மடே மீனுக்குக் காத்துக் கிடப்பவர்கள் உண்டு. தௌனோவுக்கு வேண்டியதோ, வெள்ளை வெள்ளையாகப் புழு கூடு கட்டிய ஈரல்.

நாலு வருஷத்துக்கு முன் மீன் ஆய்வாளர் இர்மெலி, மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். இந்த ஏரி மீனில் புழு வைத்த ஈரல் கிடைத்தால் வியாழக்கிழமை கொண்டு வாருங்கள் என்றார். ஊர்க்காரர்களுக்கு ஒரே மாதத்தில் அலுத்துவிட்டது. மனைவி போனபின் வீட்டில் ரேடியோவின் குரலை மட்டுமே கேட்டுவந்த தௌனோ, ஒரு வியாழனையும் விடவில்லை.

இந்தக் குளிர்காலம் அவர் வலையில் விழுந்ததெல்லாம் சுத்தமான மீன். வேறு வழியில்லாமல் பக்கத்து ஏரியில் மீன் பிடிக்கும் ரெய்யோவிடம் போனார்.

"நல்ல மீனைக் குடுத்துட்டுப் புழுவை வாங்கிட்டுப் போற ஆளை இப்பத்தான்யா பாக்குறேன். வளக்கப் போறியா?" என்று ரெய்யோ சிரித்தான்.

ஐந்து வாரம் அப்படி ஓடியது. இந்த வாரம் ரெய்யோ மகள் வீட்டுக்குப் போய்விட்டான்.

வியாழக்கிழமை தௌனோ வெறுங்கையோடு போனார். நகரத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் பனியில் வண்டி ஓட்டி வந்திருந்த இர்மெலி, இரண்டு கோப்பையில் காபி ஊற்றி, ஏலக்காய் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் ஈரல் வைத்த ஜாடியை வாங்கியதும் தேதிச்சீட்டு ஒட்டிக் குளிர்பெட்டியில் பூட்டுவார். இப்போதெல்லாம் ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுவார். இன்று ஜாடியைக் கேட்கக்கூட இல்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் தௌனோ. "அஞ்சு வாரமா நான் கொண்டுவந்தது நம்ம ஏரி மீன் இல்ல. பக்கத்து ஏரியோடது. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

இர்மெலி கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏன்?"

"புழு இல்லேன்னா இங்க வர்றதுக்கு எனக்கு என்ன காரணம் இருக்கு?"

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தௌனோ தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்க நாலு வருஷ ஆராய்ச்சியைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

"உக்காருங்க, தௌனோ" என்றார் இர்மெலி, கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி. "ஆராய்ச்சி போன வருஷமே முடிஞ்சுபோச்சு."