ஆபத்தில்லாத காடு

தம்பியின் நகக்கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக விடிந்ததிலிருந்து மரம் மரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். பேரம் படியும் முன்பே அறுவை மில்காரர் வந்து சிவப்புப் பெயிண்ட்டில் போட்டுவிட்டுப் போன வெட்டு அடையாளங்கள் அவை.

"ஒரு பொட்டு மிச்சம் இருக்கக் கூடாதுக்கா. வர்றவர் பாத்தா வில்லங்கமான எடம்னு ஓடிடுவார்."

அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மில்லுக்கு விற்றே தீருவேன் என்று நேற்றுவரை குதித்தவன் இவன்.

அப்பா விட்டுப்போன காடு இருவர் பேரிலும் இருந்தது. சண்டை போட்டுப் போட்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். விமானக் கம்பெனி பணம் கொடுத்துக் காட்டை எடுத்துக்கொண்டால் நாற்பது வருஷம் யாரும் கை வைக்க முடியாது. எடுக்காவிட்டால் அவள் மில்லுக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

கம்பெனி ஆய்வாளர் வந்தார். தங்கள் விமானங்கள் கக்கும் கார்பனுக்கு ஈடாக எங்காவது ஒரு காட்டை வெட்டுப்படாமல் நிறுத்தி, கணக்கை நிகர சுழியத்துக்குக் கொண்டுவருவது அவர் வேலை.

அக்கா மூச்சிரைக்கச் சுற்றிக் காட்டினாள். ஊற்று, கூடுகள், தீ பரவாமலிருக்க அவளே செதுக்கி வைத்த பாதை. அவர் கண் எதிலும் நிற்கவில்லை.

"யாராவது விலைக்குக் கேட்டாங்களா?"

"இல்லைங்க."

"வெட்டிடலாம்னு வீட்டுல பேச்சு ஏதாவது?"

"அப்படிப் பேசினா நாக்கு அழுகிடும் சார்" என்றான் தம்பி.

ஒரு மரத்தில் பட்டை உரிந்த இடத்தை அவர் விரலால் தடவினார். "இது?"

"மான் உரசினதுங்க." பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அக்காவுக்குக் காது சூடேறியது.

அவர் பையை மூடினார்.

"அருமையா வெச்சிருக்கீங்கம்மா. ஆனா எங்களுக்கு வேண்டாம்."

"ஏங்க?"

"எப்படியும் நிக்கப்போற மரத்துக்குப் பணம் குடுத்தா எங்க புகை எப்படிம்மா கழியும்? வெட்டப்போற காட்டைத்தான் நாங்க காப்பாத்துவோம்."

அவள் அவர் பையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, வெட்டத்தாங்க போறாங்க! மான் இல்லைங்க, மில்காரர் போட்ட பெயிண்ட்டுங்க. நாங்கதான் சுரண்டினோம். டேய், நீ சொல்லுடா!"

தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

ஆய்வாளர் பையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "விஷயம் தெரிஞ்சதும் எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க."

அவருடைய கார் வளைவில் மறைந்தது. அக்கா அங்கேயே, ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட வரவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வான் என்று தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் போனைக் காதில் வைத்திருந்தான்.

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே முடிஞ்சதுண்ணே. லாரிய அனுப்புங்க."