உத்தரத்துக்கு வைத்த மரங்கள்

"இந்த மரத்தையெல்லாம் உங்க படத்துலேருந்து அழிங்க, ஆபீசர்! இது என் மகன் வீட்டு உத்தரம்!"

இடுப்பில் கை வைத்து நின்றாள் ஷரோஃபத். மர்கிலான் நகரில் அவள் வீட்டை ஒட்டிய வாய்க்கால் கரை குப்பைமேடாகக் கிடந்தது. அதைப் பூங்காவாக்க தாஷ்கண்டிலிருந்து வந்திருந்தான் இல்ஹோம். ஒதுக்கிய பணமோ யானைப் பசிக்குச் சோளப்பொரி. இடித்த சுவரின் செங்கல்லையே நடைபாதையாகப் பதித்தான். கூலிக்கு வழியில்லை, தெருவே ஹஷர் என்ற ஊர்க்கூட்டு வேலைக்குத் திரண்டு வந்து சும்மா உழைத்தது. இப்போது எல்லோரும் புலாவ் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"நிழலுக்கு வேற மரம் வாங்கக் காசில்லீங்க. வாங்கினாலும் எப்ப வளர்றது? இதுக்கடியில நாலு மரக்கட்டில் போட்டா ஊரே உக்காந்து டீ குடிக்கும்."

"ஊர் குடிக்கட்டும், என் மகன் வெயில்ல நிக்கணுமா? ஆண் பிள்ளை பொறந்தா பாப்ளர் நடுவோம், அவன் கல்யாணத்துக்கு அதை வெட்டி வீடு கட்டுவோம். நம்ம வழக்கமெல்லாம் தாஷ்கண்ட் போனா மறந்துடுமோ?"

"மறக்கலீங்க. ஆனா, கட்டறதா இருந்தா உங்க மகன் இதுக்குள்ள கட்டியிருக்க மாட்டாரா?"

"கட்டுவான். ஒவ்வொரு நவ்ரூஸ் புத்தாண்டுக்கும் 'அடுத்த வருஷம் வர்றேன்'னுதான் சொல்றான்."

"வரமாட்டாருங்க."

ஷரோஃபத்தின் முகம் சுண்டிப்போனது. பக்கத்து மரத்தை அணைத்துக்கொண்டாள். அடிமரம் அவள் இரண்டு கைக்கும் அடங்கவில்லை.

"பேரப்பிள்ளைங்க இந்த வாசல்ல ஓடற சத்தத்தைக் கேட்டுட்டுக் கண்ணை மூடணும்னு ஒரு ஆசை. அது தப்பா, ஆபீசர்?"

இல்ஹோம் குனிந்து கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தான்.

"வரமாட்டான்னு சொல்ல நீங்க யாரு? நீங்க வெறும் ஆபீசர். என் மகன் வந்து, என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லட்டும். அப்புறம் நிழலோ கிழலோ, நீங்களே வெச்சுக்குங்க."

இல்ஹோம் வரைபடத்தைச் சுருட்டினான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு அவள் எதிரே வந்து நின்றான்.

"வரமாட்டேம்மா. அங்கேயே வீடு வாங்கிட்டேன்."

ஷரோஃபத் அவன் கன்னத்தில் படிந்திருந்த செங்கல் தூசியை தலைத்துணியின் நுனியால் துடைத்துவிட்டாள்.

"சரி... மரமாவது இங்கேயே நிக்கட்டும்."