பத்து வார்த்தைக் கதை

"முதல் அடி பின்மண்டையில. மனுஷனுக்குத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்ல. ஓடிக்கிட்டிருந்த லேத் மெஷின் மேலேயே குப்புற விழுந்தாரு," என்றாள் அண்ணி.

கதவைத் திறந்த கொழுந்தனின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. அண்ணியை மாடியில் விட்டுவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்ததில் பத்து நிமிடம் போயிருந்தது. அதற்குள் இங்கே ஒரு கொலை பாதி முடிந்திருந்தது.

"அடிச்சது யாருக்கா?" என்று கேட்டாள் ஞாபகப் பயிற்சி கொடுக்கும் பெண். அவள் பேனா தாளைத் தொடவில்லை.

"வேற யாரு? இதோ வந்து நிக்கிறானே, எங்க வீட்டுத் தம்பி. இவன்தான்!"

அவனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கதை! இன்றைக்கும் கதைதான்.

மூன்று வாரமாக இந்த அறையில் இதே கூத்து. அண்ணிக்கு எம்.எஸ்., நரம்பின் மேலுறையை அரிக்கிற நோய். முதலில் இடது காலைப் பிடித்து இழுத்தது, அப்புறம் ஞாபகத்தில் கை வைத்தது. காலையில் பேசியது மதியம் இருக்காது. அது அக்கம்பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

மூன்று மாதத்துக்கு முன் யாரோ பட்டறைக்குள் புகுந்து அவள் புருஷனை அடித்துக் கொன்றபோதும் அவள் அங்கேதான் இருந்தாள். வந்தவன் அவளை மட்டும் ஏனோ தொடவில்லை. போலீஸ் துருவித் துருவிக் கேட்டும், "யாரோ வந்தாங்க, யாருன்னு பிடிபட மாட்டேங்குதே" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

இங்கே சொல்லிக்கொடுப்பது ஒரு தந்திரம். பயிற்சிப்பெண் ஒட்டிய உறையைப் பிரித்துப் பத்து வார்த்தை வாசிப்பாள். பத்தையும் கோத்து ஒரு கதை கட்ட வேண்டும், அதில் தெரிந்த முகத்தை நடமாட விட வேண்டும். எவ்வளவு பயங்கரமோ, அவ்வளவு மனசில் ஒட்டும்.

அண்ணி கட்டும் கதைகளில் கொலைகாரன் எப்போதும் கொழுந்தன்தான். குடையால் குத்தியிருக்கிறான். பூசணிக்காயால் மண்டையைப் பிளந்திருக்கிறான். நேற்றுகூட ஒரு தபால்காரரைத் தலையணையால் அமுக்கிக் கொன்றான். அவனும் விடாமல், "ஆமா மேடம், நான்தான் கொன்னேன், இன்னும் கை வலிக்குது" என்று கூடவே நடிப்பான். அறையே சிரிக்கும்.

இன்று கடைசிப் பரீட்சை. பத்தில் குறைந்தது எட்டு வந்தால், அண்ணி தன் வீட்டிலேயே இருந்துகொண்டு பட்டறையையும் கவனிக்கலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பார். வராவிட்டால் அவளுக்குக் காப்பகம், பட்டறை கொழுந்தன் கைக்கு.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மேசையில் அந்தப் பழுப்பு உறை வாய் ஒட்டியபடி கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு முழங்கையை ஊன்றிக்கொண்டான். "ம், சொல்லுங்கண்ணி. அப்புறம் என்ன பண்ணேன்?"

"ரெண்டாவது அடி காதுக்கு மேல. காஞ்ச பலகை பிளக்கிற மாதிரி சத்தம். மூணாவதுக்கு ஸ்பேனர் வழுக்கி என் காலடியில வந்து விழுந்துச்சு. ரத்தம் ஓடி, கீழ கிடந்த இரும்புத்தூளெல்லாம் சேறாப் போச்சு."

"ஐயோ பாவம்."

"அவர் கையை நீட்டி, 'தம்பி, தண்ணி'ன்னாரு. இவன் கடிகாரத்தைப் பார்த்தான். குனிஞ்சு ஸ்பேனரை எடுத்தான். நாலாவதா ஒண்ணு போட்டான், வாய் மேலேயே. அதுக்கப்புறம் அவர் தண்ணி கேக்கல."

கொழுந்தன் மேசைக்கடியில் விரலை மடக்கிக்கொண்டே வந்தான். லேத், பலகை, ஸ்பேனர், இரும்புத்தூள், தண்ணீர், கடிகாரம். பட்டியல் போட்டவன் பட்டறையில் வேலை பார்த்தவனா என்ன?

"என்னண்ணி, நேத்து தபால்காரரோட விட்டீங்க. இன்னைக்கு அண்ணனையே போட வச்சுட்டீங்களே!"

"தெரிஞ்ச முகம்தாம்ப்பா நல்லா ஒட்டுது."

அவன் சிரித்தான். கொஞ்சம் உரக்கவே சிரித்துவிட்டான்.

"அப்புறம் சட்டையைக் கழட்டி, உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி திருப்பிப் போட்டுக்கிட்டான். பீரோ சாவியைத் தூக்கி எறிஞ்சான். திருடன் வந்த மாதிரி இருக்கணும்ல? அப்புறம் கையை..." அண்ணி நின்றாள். நெற்றியை அழுத்தித் தேய்த்தாள். "கையைக் கழுவினான். தண்ணியிலதானே? இல்லையே... சோப்பா? இந்த இடத்துலதான் அறுந்து அறுந்து போகுது."

பயிற்சிப்பெண் உதவவில்லை. அண்ணி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி யோசித்தாள். வழக்கமாகக் கொழுந்தன் வசனம் பேசுகிற இடம் இது. இன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது.

"என்னண்ணி நீங்க, பட்டறைக்காரர் பொண்டாட்டியா இருந்துக்கிட்டு! கிரீஸும் ரத்தமும் தண்ணிக்கு எங்க போகும்? மண்ணெண்ணெய்லதான் கழுவுனேன். கேன்ல இருந்தது அத்தனையும் ஊத்தி!"

அண்ணியின் கை நெற்றியிலிருந்து இறங்கியது.

"மண்ணெண்ணெய்," என்றாள் மெதுவாக. "அதான். மூணு மாசமா மூக்கை விட்டுப் போக மாட்டேன்னுது, என்ன வாடைன்னு தெரியாமத் தவிச்சேன்."

"அவ்வளவுதான், பத்தும் வந்தாச்சு!" அவன் கை தட்டினான். "மேடம், பத்துக்குப் பத்து. பாஸ் போட்டுடுங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பயிற்சிப்பெண் மேசை ஓரத்திலிருந்த பழுப்பு உறையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"சார், இன்னைக்குப் பட்டியலை நான் இன்னும் பிரிக்கவே இல்லையே."